அழுத்தாத கை

அமுக்காமல், எண்ணெய் போடாமல், எலும்பைச் சொடுக்காமல், சும்மா கையை வைத்தே வலியை இறங்க வைக்கிற தொழில் என்னுடையது; காஞ்சிபுரத்தில் இதை ஒருவருக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வலி வந்துவிடும்.

ஆறு வருஷம் ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தேன். பிறகு சென்னையில் ஒரு அம்மாவிடம் இரண்டு வருஷம் இதைப் பழகினேன். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. பெண்களுக்கு மட்டும், உடுத்தின துணியோடு படுத்தால் போதும். பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குகிற அளவுக்குத்தான் என் கை அசையும். கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா? துக்கமும் கோபமும் தோளிலும் தாடையிலும் போய்க் குடித்தனம் நடத்தும்.

பலகை

‘மென்தொடு சிகிச்சை’ என்று பலகை மாட்டிய முதல் வாரம் வந்த போன் எல்லாம் ஆண்களிடமிருந்து. “ஃபுல் பாடியா?” என்று ஆரம்பிப்பார்கள். “உங்க வீட்டம்மாவ கூட்டிக்கினு வாங்க சார்” என்பேன். உடனே கட்.

அடுத்து, அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிற சம்பந்திகள் கண்ணில் இந்தப் பலகை படுகிறதாம். ‘பிசியோதெரபி’ என்று மாற்றிவிடு என்றார். “அத நான் படிக்கல சார். படிக்காதத எழுத மாட்டேன். படிச்சத அழிக்கவும் மாட்டேன். நீங்க உங்க வீட்டம்மாவ ஒரு நாள் அனுப்புங்க” என்றேன். அந்த அம்மா முழங்கால் வலியோடு வந்து, முக்கால் மணி நேரம் குறட்டைவிட்டுத் தூங்கிப் போனார். மறுநாள் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

“பேரு எதுவா வேணா இருக்கட்டும்மா, அந்த ‘தொடு’ன்றத மட்டும் கொஞ்சம் சின்னதா எழுதக்கூடாதா?”

தூக்கின கை

சுமதி ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனைப் பெண். காலையில் நின்றால் ராத்திரி வரை நிற்க வேண்டும். அலமாரியிலிருந்து புடவையை இறக்க வேண்டும், பிரித்துக் காட்ட வேண்டும், வாங்காமல் போனால் சிரித்துக்கொண்டே மடிக்க வேண்டும். வலது தோள் கல்லாக இருந்தது. படுக்க வைத்து அவள் கையைத் தூக்கி, “உன் கைய எங்கிட்ட குடுத்துடு” என்றேன். “குடுத்துட்டேன்க்கா” என்றாள். நான் மெதுவாக என் கையை எடுத்தேன். அவள் கை அந்தரத்தில் அப்படியே நின்றது! அது அங்கே நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை.

நான் விடவில்லை. அவளும் விடாமல் வந்தாள். நாலாவது முறை, தூங்கும் குழந்தையின் கை மாதிரி அது என் உள்ளங்கையில் கனத்து விழுந்தது. அதோடு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் ஓடியது. எழுந்து முடியைக் கட்டிக்கொண்டு அவளே சொன்னாள்:

“எடு, பிரி, மடின்னுதான்க்கா எல்லாரும் சொல்லுவாங்க. கைய விடுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்.”

சாணி

ஒரு நாள் காலையில் பலகை மேல் யாரோ சாணி அடித்திருந்தார்கள். இறக்கிக் கழுவித் தேய்த்து, அதே ஆணியில் மாட்டினேன். பத்து மணிக்கு பிள்ளையார்பாளையத்திலிருந்து கஸ்தூரி அம்மா வந்தார். முப்பது வருஷம் பட்டு நூல் சுற்றின விரல். இழையில் கொஞ்சம் இறுக்கம் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். சாணி கதையை அவரிடம் நான் சொல்லவில்லை. எப்போதும் போலத்தான் கழுத்தடியில் கையை வைத்ததாக நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“இன்னிக்கு உன் கை கோவமா இருக்குதும்மா, போய் தண்ணி குடிச்சிட்டு வா.”

கை வைக்காத நாள்

ஏனாத்தூரிலிருந்து லட்சுமி அக்கா ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். கல்யாணம் ஆன கையோடு மகன் தனிக்குடித்தனம் போய்விட்ட துக்கம் அவருக்கு. “மனசு பாரமா இருக்குதும்மா. நெஞ்ச அடைக்குது, இடது கை இழுக்குது. ரெண்டு நிமிஷம் கை வெச்சி வுடு” என்றார். மகன் கதையைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும்தான். ஆனால் ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

எல்லாவற்றையும் மனசின் மேல் போடுகிற தப்பை என் தொழிலில் செய்யவே கூடாது. கை வைக்க மாட்டேன் என்று சொல்லி, அவரை ஆட்டோவில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். “கை வெக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு போர்டு?” என்று வழியெல்லாம் திட்டு. ஈசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்று உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்து, ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு மகன் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

“நீ அன்னிக்கு கை வெக்காம இருந்தியே, அதாலதான்மா நான் இன்னிக்கு உக்காந்து பேசிக்கினு இருக்கேன்.”

எந்தத் தெரு?

வேதவல்லி மாமி சின்ன காஞ்சிபுரம், ஓய்வுபெற்ற டீச்சர். கணவர் இறந்து மூன்று வருஷம். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை, தலை வாரிக்கொள்ள முடியவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியெல்லாம் செய்தும் தீரவில்லை என்று வந்தார். படுத்த பிறகு, “உனக்கு எந்த ஊர்?” என்றார். ஐயம்பேட்டை என்றேன். “அங்கே எந்தத் தெரு?” அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கை அவர் தோளுக்கு அரை அடி மேலே நின்றது. “காலனி மாமி” என்றேன். அவர் எழுந்தார், பையை எடுத்தார், போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. தாடைதான் சாயங்காலம் வரை இறுகிக் கிடந்தது. பொய் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே, சொல்லவே மாட்டேன் என்று தீர்த்துக்கொண்டேன்.

மறு வாரம் அதே நேரத்துக்கு வந்து படுத்தார். “கை வைக்கட்டுமா?” இது நான் எல்லாரையும் கேட்பதுதான். அன்றைக்கு, பதில் அவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். மின்விசிறி எத்தனை சுற்று சுற்றியதோ. “வை” என்றார். வைத்தேன். மற்றவர்களுக்கு வைக்கிற அதே கை, அதே கனம். அரை மணி நேரம் கழித்துத் தோள் சூடாகி இறங்கியது. மூச்சு வயிறு வரை போனது. “அவர் போனப்புறம் என்னை யாரும் தொட்டதே இல்லை” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்:

“போன வாரம் ஆத்துக்குப் போனதும் குளிக்கணும்னுதான் நினைச்சுண்டு போனேன், அதுக்குள்ள தூங்கிப்போயிட்டேன்.”

•

இத்தனை பேர் தோளை இறக்கிவைத்த எனக்கு, இதை எழுதி முடிக்கும்போது தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, உங்களுடையதும் அங்கேதான் நிற்கும், பாருங்கள்.