கால்மாட்டில் நின்ற 297

எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் புதுக் கண்ணாடி அலுமாரிகள் வந்திருக்கின்றன. போன கிழமை போய்ப் பார்த்தேன். புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். கல்முனைப் புடவைக் கடைகள் தோற்றன போங்கள். அலுமாரியைத் திறந்தால் வார்னிஷ் நெடி. பழைய புத்தக றாக்கையின் மேல்தட்டில் அத்தர் அல்லவா மணக்கும்! அது ஹாஜியாரின் கை வாசம்.

அப்போது நான் அங்கே தற்காலிக உதவியாளராகச் சேர்ந்த புதிது. முதுகில் ஒட்டிய இலக்கப்படிதான் புத்தகங்கள் நிற்கவேண்டும். இஸ்லாத்துக்கு 297. வரிசைப்படி அடுக்கி வர, அது அடித்தட்டில் போய் விழுந்தது. குர்ஆன் விளக்கங்கள் முழங்காலுக்குக் கீழே! எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அப்படி வைக்கமாட்டார்கள். பின்னேரம் பத்திரிகை வாசிக்க வரும் அரிசி வியாபாரி ஹாஜியார் பொறுப்பாரா?

“என்ன புள்ள, கிதாபுகளக் கால்மாட்டுல வெச்சிரிக்காய்?”

நான் இறக்கி வைப்பேன். அவர் மேலே, மனோதத்துவப் புத்தகங்களுக்கு நடுவில் ஏற்றிவிடுவார். நான் மோந்து பார்த்தே கண்டுபிடிப்பேன். ஒருநாள் தடிமனில் மூக்கடைத்திருந்தது. சோதனைக்குப் படிக்க வந்த மாணவி கேட்ட விளக்கவுரை கிடைக்கவில்லை. “இன்னொருக்கா இப்பிடி நடந்தா உங்கட வேலை நிரந்தரமாகாது” என்றார் நூலகர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஹாஜியாரை இருத்தி இலக்கம் சொல்லிக்கொடுத்தேன்.

“நூத்தி இருவத்திரெண்டு பெரிசு, பதினாலு சின்னன். பிறகு எப்பிடி 297.122 முன்னுக்கு, 297.14 பின்னுக்கு?”

“புள்ளிக்குப் பிறகு ஒவ்வொண்டாப் பாருங்க ஹாஜியார். முதல் இலக்கம் ரெண்டுலயும் ஒண்டுதான், சமன். அடுத்தது இதுல ரெண்டு, அதுல நாலு. ரெண்டுதான் முந்தும்.”

யோசித்தார். “ஓம், சரிதான். ஆனா மேலதான் வெக்கணும்.”

சரி, மேலேயே வைப்போம் என்று அன்றே இறங்கினேன். அடித்தட்டை வெறுமையாக விட்டு, 297ஐ அடுத்த றாக்கையின் உச்சித் தட்டில் தொடங்கினேன். வரிசையும் குலையவில்லை. ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புத்தகங்களை எடுத்துத் தந்தார். இடம் வீணாகிறதென்று நூலகர் முறைத்தார். “வீணாகட்டும் சேர்” என்றேன். வேலை நிரந்தரமாகித்தான் ஓய்வு பெற்றேன்.

போன கிழமை அங்கிருந்த தம்பியிடம் 297.122ஐக் கேட்டேன். கம்பியூட்டரில் இருந்தது. அலுமாரியில் எங்கே?

“பச்ச மட்டையா, சிவப்பு மட்டையா ராத்தா?”

அவ்வளவுதான். பச்சையை எல்லாம் மேசையில் இறக்கத் தொடங்கினேன். தம்பி தடுத்தான். மேலிடத்தில் போய்ச் சொல் என்றேன். நாளைக்கும் போவேன்.

ஹாஜியார் மௌத்தாகிப் பல வருடம். சண்டைபிடித்துப் புத்தகத்தை மாற்றி வைக்கக்கூட இப்போது அங்கே ஒருவரும் வருவதில்லை.