வலப்பக்கத்து விமானம்

என் கணவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தட்டோடு சட்டியையும் கழுவி வைத்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். "ஒன்னும் இல்லலா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். சில நாள் கழித்துதான் எனக்குத் தெரிய வந்தது, அதுவும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில், அவரோடு பறக்கும் ஒருவரின் மனைவி சொல்லி. அன்று நடுவானில் இவருடைய விமானத்தின் எஞ்சின் நின்றுபோயிருக்கிறது. இவர் அதை மிதக்க விட்டே கொண்டுவந்து தரையிறக்கியிருக்கிறார். அப்புறம் வீட்டுக்கு வந்து எனக்குச் சட்டி கழுவிக் கொடுத்திருக்கிறார்.

அந்த விமானங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுபாங் பக்கம் விமானம் நிறுத்தும் ஒரு பழைய ஹேங்கரில் நான்கு நிற்கின்றன, நான்கும் மஞ்சள். ஒரு காலத்தில் விமானப்படையில் சேர்ந்தவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். மூக்கில் பெரிய காற்றாடி, வயிற்றுக்கு அடியில் எந்நேரமும் ஓர் எண்ணெய்த் தட்டு. எண்ணெய் சொட்டினால்தான் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று நம்பலாம் என்பார் இவர். எங்களைவிட வயதான இந்த இயந்திரங்களை இவரும் இன்னும் மூவரும் வார இறுதிகளில் எடுத்துக்கொண்டு போய், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் பறந்து பழகுவார்கள். விமானக் கண்காட்சி வந்தால் ஜனங்களுக்குச் செய்து காட்டுவார்கள். இவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டிவிட்டார், எங்கள் ஃப்ளாட்டில் லிப்ட் கெட்டுப்போனால் ஒவ்வொரு மாடிக்கும் நின்று முழங்காலைத் தடவிக்கொள்வார். இப்படிப்பட்டவர் எஞ்சின் நின்ற விமானத்தில் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டால் எந்த மனைவிக்குத்தான் சோறு இறங்கும்?

பறப்பதை விட்டுவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். ஒரு தடவை சொல்லி நிறுத்துகிற ஆள் நானில்லை. காரில் சொன்னேன், லிப்டில் சொன்னேன், கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாலை மாற்றுவதற்கும் தாலி கட்டுவதற்கும் இடையில் போன் போட்டும் சொன்னேன். என் தொழில் கல்யாணப் படம் எடுப்பது. கோயிலோ சர்ச்சோ மண்டபமோ, இந்தப் பக்கத்தில் நான் கேமராவோடு நுழையாத இடம் குறைவு.

கடைசியில் ஒருநாள் அவரே சொன்னார். "நீ ஒரு தடவகூட மேல வந்ததில்ல. ஒரு தடவ வா. வந்து பாத்துட்டு வேணாம்னு சொன்னா விட்டுடறேன். மறுபேச்சு பேச மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாதான்லா."

அந்தச் சமயத்தில் ஒரு கண்காட்சி வரவிருந்தது. விளம்பரத்துக்கு ஆகாயத்திலிருந்து எடுத்த படம் வேண்டும் என்று இவரோடு பறப்பவர்களும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையின்போது நானே போய் எடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். படம் எனக்கு ஒரு சாக்குதான். 'வேணாம்' என்ற சொல்லை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டுதான் ஹேங்கருக்குப் போனேன்.

அணிக்குத் தலைவி ஒரு பெண். காப்பார் பக்கம் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்துக் குடும்பம், நாற்பது வயது இருக்கும், இப்போது பயணிகள் விமானம் ஓட்டுகிறாள். விமானப்படையில் அவளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவரே என் கணவர்தான். தரையில் இவரை 'சார்' என்பாள். ஆகாயத்தில் அவள் ஒன்று, இவர் இரண்டு, அவளுக்கு வலப்பக்கத்தில் பறப்பவர். வானொலியில் அவள் "டூ" என்று கூப்பிட்டால் மறுவார்த்தை கிடையாது. கார் நிறுத்தும்போது நான் பின்னால் பார்த்து வழி சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், அவள் சொன்னால் தலைகீழாகவும் பறப்பார்.

ஏறுவதற்கு முன்னால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விமானங்கள் நிற்கும் சிமெண்ட் தரையில் நால்வரும் பறக்கும் வரிசையிலேயே நின்றுகொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். முன்னால் அவள், வலப்பக்கம் சற்றுப் பின்னால் இவர், இடப்பக்கம் ஒருவர், எல்லாருக்கும் பின்னால் ஒருவர். "ஏறுறேன்... இப்ப இடப்பக்கம் திரும்புறேன்... இப்ப" என்று அவள் முணுமுணுக்க, நால்வரும் ஒரே நேரத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு திரும்பினார்கள். வளர்ந்த மனிதர்கள் நவக்கிரகம் சுற்றுவதுபோல் வெயிலில் வெறும் தரையைச் சுற்றி வருவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வழியில் கொஞ்சம் எண்ணெய் சிந்திக் கிடந்தது. அவள் விலகி நடந்தாள். பின்னால் வந்த மூவரும் அதே அளவு விலகி, அதே அடியில் மறுபடி சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தரையைப் பார்க்கவில்லை. எண்ணெய் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தலைவியின் விமானத்தில் பின்னிருக்கையில். பெல்ட்டை இழுத்துக் கட்டி, கேமரா வாரைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் சுற்றிவிட்டு, அவளே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"அக்கா, ஒன்னே ஒன்னு. மேல போனதும் கைய மட்டும் வெளிய ஆட்டாதீங்க. ரேடியோ போச்சுன்னா நாங்க கையாலதான் பேசுவோம். என் விமானத்துலருந்து ஒரு கை அசைஞ்சா அது உத்தரவு. அவங்க யோசிக்க மாட்டாங்க."

"சரிம்மா" என்றேன். உண்மையிலேயே சரி என்றுதான் நினைத்தேன்.

எஞ்சின் பிடித்தபோது என் பல்லெல்லாம் ஆடியது. புகை, எண்ணெய் வாசனை, அப்புறம் ஓடுபாதை பின்னால் போய்விட்டது. கண்ணாடிக் கூரையைப் பின்னால் தள்ளியிருந்தோம். கீழே கிள்ளான் ஆறு பழுப்பாக வளைந்து போனது, தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள், அதற்கப்பால் கடல். இதையெல்லாம் நான் விமானத்தில் ஊருக்குப் போகும்போது பார்த்ததுதான். வலப்பக்கம் திரும்பினேன்.

அவருடைய விமானம் அங்கே இருந்தது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மஞ்சள் பெயின்ட்டின் மேல் எண்ணெய் வழிந்த கோடு தெரிந்தது, தகட்டில் அடித்த ஆணிகள் தெரிந்தன. பூமி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, மேகம் ஓடிக்கொண்டிருந்தது, அந்த விமானம் மட்டும் என் பக்கத்தில் அப்படியே நின்றது. நாங்கள் ஏறினால் ஏறியது, சாய்ந்தால் சாய்ந்தது. ஒரே கொடியில் காயும் இரண்டு சேலைகள் காற்றுக்குச் சேர்ந்து ஆடுமே, அப்படி. இத்தனை எடையுள்ள இரும்பு இவ்வளவு மெல்ல அசைய முடியும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மணப்பெண் எப்போது அழப் போகிறாள், மாமனாருக்கு எதில் மனத்தாங்கல் என்று கேமரா வழியாகவே சொல்லிவிடுவேன். இந்த மனிதரின் முகத்தை முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன், இந்த முகத்தைப் பார்த்ததில்லை. அதில் வயது இல்லை, முழங்கால் வலி இல்லை, நான் இல்லை. கண் மட்டும் இருந்தது. அந்தக் கண் எனக்குக் கொஞ்சம் முன்னால் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. வரும் வழியில் காரில் சொல்லியிருந்தார்: அவர் இருக்கையிலிருந்து பார்த்தால், தலைவியின் விமானத்து இறக்கை நுனியில் இருக்கும் விளக்கு அதே விமானத்தின் மூக்கில் போட்ட சிவப்புக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். விலகினால் அவர் நகர்ந்து அதைத் திரும்ப உட்கார வைப்பார். வேறு எதையும் பார்க்கக் கூடாது, வானத்தை, தரையை, எதையுமே. "அவ மலையில போய் மோதினா?" என்று கேட்டிருந்தேன். "நாங்களும் மோதுவோம்" என்று சிக்னலில் நின்றுகொண்டு சாதாரணமாகச் சொன்னார். அப்போது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இப்போது நேரில் பார்க்கையில் எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த ஆளிடம் போய் வேணாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தேன்.

படம் எடுக்க ஆரம்பித்தேன். திரும்பி வரும்போது வெயில் நன்றாக விழுந்தது. அவர் விமானத்துக்குப் பின்னால் கடல் பளபளத்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தால் படம் அமைந்துவிடும்.

கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது ஓரத்தில் எப்போதும் ஒரு பெரியப்பா பாதி வெட்டுப்பட்டு நிற்பார். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலேயே இடது கையைத் தூக்கி, விரலை மடக்கி, "அங்கிள், கொஞ்சம் உள்ள வாங்க, இன்னும் கொஞ்சம்" என்று கூப்பிடுவேன். அந்தக் கை அங்கேயும் தானாக எழுந்தது, தானாகக் கூப்பிட்டது.

கேமராவுக்குள் விமானம் உள்ளே வந்தது. ஒரு கணம் சந்தோஷப்பட்டுப் படமும் எடுத்துவிட்டேன். அப்புறம் படம் முழுக்க மஞ்சள் இறக்கை. எங்கள் எஞ்சினுக்கு மேல் இன்னோர் எஞ்சின் கேட்டது. கேமராவை இறக்கினேன். அவர் இறக்கை, எட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"டூ, ஹோல்ட்" என்றது காதில் அவள் குரல். "டூ, பின்னால போங்க." பதற்றமே இல்லை. மேசை டிராயரை மூடுவதுபோல் அந்த விமானம் வழுக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனது. நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். தரை தொடும்வரை அதை எடுக்கவில்லை.

இறங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, விடுங்க. கை கூப்பிட்டுச்சு, சார் வந்தாரு. எவ்வளவு நீட்டா வந்தாரு பாத்தீங்கல்ல? அதுதான் வேல." அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் விமானத்தின் வயிற்றில் வழிந்த எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நேரே போனேன். "நீங்க பறங்க. உங்களுக்கு எத்தன வயசு வரைக்கும் முடியுமோ பறங்க. நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "நான் விட்டுட்டேன்மா."

"என்னது? அவ சரியாத்தான் செஞ்சீங்கன்னு சொல்றாளே?"

"கையப் பாத்து வந்தது சரி. வந்த பிறகு உன் மூஞ்சியப் பாத்தேன். பயந்துட்டியோன்னு பாத்தேன். அவ்வளவு கிட்ட இருக்கும்போது லைட்ட விட்டுக் கண்ண எடுத்துட்டேன். கண்ண எடுக்கிறவன் அந்த எடத்துல இருக்கக் கூடாது. நானே எத்தனயோ பேர இதுக்காக எறக்கி விட்டிருக்கேன்."

ஃபெடரல் ஹைவே முழுக்க அவரோடு சண்டை போட்டேன். ஒரு வருடமாகப் பறக்காதீர்கள் என்று கத்திய அதே வாயால் பறங்கள் என்று கத்தினேன். சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தார். சாயங்காலம் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவர் கண் எனக்கு முன்னால் எங்கோ இருந்தது. ஒன்றில் மட்டும் நேராக என்னைப் பார்த்தார். எனக்குக் கிடைத்த மிக நல்ல படம் அதுதான், அவரிடமே காட்ட எனக்கு மனம் வரவில்லை.

தலைவிக்கு அவரே போன் செய்து சொன்னார். அவள் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்துப் பக்கத்தில் நின்றேன். அவர் சொல்லி முடித்ததும் "சரி சார்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக மரியாதை வந்தது. கிள்ளானில் பல் டாக்டராக இருக்கும் ஒருவர் அவர்களோடு பறந்து பழகி வந்தார். வலப்பக்கத்து இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.

கண்காட்சி அன்று இவர் வீட்டிலேயே இருந்துவிடுவார் என்று நினைத்தேன். காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு "போலாமா?" என்று நின்றார். கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். குடை பிடித்தவர்கள், ஐஸ்கிரீம் ஒழுகும் பிள்ளைகள், தோளில் குழந்தையைத் தூக்கி வைத்திருந்த அப்பாக்கள். முதலில் சத்தம்தான் வந்தது, அப்புறம் கடல் பக்கத்திலிருந்து நான்கு மஞ்சள் விமானங்கள் ஒன்றாக வந்தன. எங்களுக்கு நேர் மேலே ஒரே நேரத்தில் சாய்ந்து, நான்கு வயிறும் வெயிலில் பளிச்சிட, ஒரே பொருளாகத் திரும்பின. சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது.

இவர் என் முழங்கையைப் பிடித்தார். பிடி வலித்தது. வாய் திறந்திருந்தது.

"இப்படியா இருக்கும்?" என்றார்.

"எது?"

"நாங்க செய்யறது. நான் பாத்ததே இல்லமா. போன்ல பாத்திருக்கேன், இது வேற. இத்தன வருஷமா அந்த லைட்டத் தவிர எதையும் பாக்கலயே."

விமானங்கள் மரங்களுக்கு அப்பால் தாழ்ந்து மறைந்தன. சத்தமும் போய்விட்டது. அவர் கழுத்தை நீட்டி, அவை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப வருவாங்கல்ல?" என்று என்னிடம் கேட்டார். அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு திருப்பத்தையும் நடந்து நடந்து மனப்பாடம் செய்தவர் அவர்.

"வருவாங்க" என்றேன்.