காரிமங்கலம் பக்கம் ஒரு வெளிநாட்டு வங்கி

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் திவ்யா போன் செய்தாள். “வெளிநாட்டு போஸ்டிங் கெடைக்கலீங்க சித்தப்பா” என்றாள்.

திவ்யா தருமபுரிப் பெண். சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியில் தேர்வானபோதே, இரண்டு வருடத்தில் விமானம் ஏறிவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் முதல் போஸ்டிங் எங்கே தெரியுமா? காரிமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமம். வீட்டிலிருந்தே டவுன் பஸ்ஸில் போய் வரலாம்!

வெளிநாட்டு வங்கிக்கு அங்கே என்ன வேலை? நானும் கேட்டேன். இங்கே தனி நிறுவனமாகக் கால் ஊன்றும் வெளிநாட்டு வங்கி, நகரங்களில் மட்டும் கடை விரிக்க முடியாதாம். திறக்கிற கிளைகளில் ஒரு பங்கு, வங்கியே இல்லாத கிராமங்களுக்குப் போக வேண்டும் - அதுதான் விதி. பெங்களூருக்கு ஆசைப்பட்டால் காரிமங்கலம் பக்கமும் எட்டிப் பார்க்கணும்... அவ்வளவுதான்.

முதல் மாதம் முழுக்க அழுதாள். ராஜினாமாக் கடிதம்கூட டைப் செய்துவிட்டாள். அதை அனுப்பவிருந்த அன்று காலை, தக்காளித் தோட்டங்களில் கூலி வேலை பார்க்கும் ரோசம்மாள் கணக்குத் தொடங்க வந்தார். இதுவரை பேங்க்குக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வருவதிலேயே ஒரு நாள் வேலை கெட்டுப்போகுமாம். கையெழுத்துப் போடும் முன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“இங்கயே இருப்பீங்களா மேடம்? கொஞ்ச நாள்ல மூடிட்டுப் போயிட மாட்டீங்களே?”

திவ்யா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, “இருப்பேங்க” என்றாள்.

கடிதம் போகவில்லை. அடுத்த வாரம் ரோசம்மாள் தன் தெருப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த வருடம் வங்கியே அவளை வெளிநாட்டுக் கிளை ஒன்றுக்குத் தேர்வு செய்தது. ஆனால், அந்த நாட்டிலும் விதி இருக்குமே! அங்கே கிளை வைத்திருக்கும் அந்நிய வங்கி, உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முதலில் வேலை தர வேண்டும். தகுதியான ஆள் அங்கேயே இருந்ததால் திவ்யாவுக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள்.

வருத்தமா என்று கேட்டேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

“ஆனா அவங்க ஊருப் புள்ளைக்கு அவங்க வேல குடுக்கறாங்க சித்தப்பா. இங்க ரோசம்மாக்காவுக்கு பேங்க் வந்ததும் அப்படி ஒரு சட்டத்தாலதானுங்க. அத நல்லதுன்னுட்டு, இத மட்டும் எப்படிங்க திட்டறது?”

நியாயமான கேள்விதான். உங்களுக்குப் பதில் தெரிகிறதா?

அண்ணிக்கு மட்டும் இதில் குழப்பமே இல்லை. அந்த நாட்டுச் சட்டம் நன்றாக இருக்கட்டும் என்கிறார் - மகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறாளே!