பிறந்த நாட்டுக்கு விசா

அந்த நாட்டின் பெயரை இப்போதும் எழுத மாட்டேன். எங்கள் வீட்டு ஆட்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். யாராவது படித்துவிட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். தண்ணீர் வந்து சேராமல் அடுத்தடுத்துச் சம்பா காய்ந்ததும், என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக்காக அந்தப் பாலைவன நாட்டுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். மகள் அங்கேதான் பிறந்தாள்.

எண்ணெய்ப் பணத்தில் எழும்பிய நகரம். கட்டடம் கட்டுவது, தெருக் கூட்டுவது, பஸ் ஓட்டுவது, ஊசி போடுவது எல்லாமே எங்களைப் போல வந்தவர்கள்தான். அந்த நாட்டுக் குடிமக்களைப் பார்க்க அரசாங்க அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஓட்டு கிடையாது, கட்சி கிடையாது, சங்கம் கிடையாது. மன்னர் குடும்பம் சொன்னால் அதுதான் சட்டம்.

மகள் ஒன்பதாவது படித்தபோது, தேசிய தினத்துக்காக ‘என் நாடு’ என்ற தலைப்பில் பேச்சுப்போட்டி வைத்தார்கள். எண்ணெய் கிடைப்பதற்கு முன் அங்கே முத்துக்குளித்துப் பிழைத்தவர்களைப் பற்றி அவள் அரபியிலேயே பேசி, பள்ளியில் முதலாவதாக வந்தாள். அடுத்த சுற்றில் அமைச்சர் முன்னால் பேச வேண்டும். புது உடுப்பு தைத்து வைத்திருந்தோம். அப்போதுதான் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அவரும் தமிழர்தான்.

“இனிமே குடியுரிமை உள்ள பிள்ளைங்க மட்டும்தானாம்மா.”

“அவ இங்கதானே மேடம் பொறந்தா?” என்று கத்தினேன்.

“நானும் இங்கதாம்மா பொறந்தேன். எனக்கே விசாவப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சுத்தான் ஓடுது.”

அதற்குமேல் அவரிடம் என்ன கத்துவது? ‘என் நாடு’ என்று பேசச் சொன்னது அவர்கள்தானே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். மகள் அழவில்லை. உடுப்பை மடித்து அலமாரியில் வைத்தாள்.

கொஞ்ச காலத்தில் எண்ணெய் விலை இறங்கியது. கம்பெனி ஆட்களைக் குறைத்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை போனதும் எங்கள் மூவரின் விசாவும் ரத்தானது. மகள் பன்னிரண்டாவது முடிக்கும்வரை தங்கவிடச் சொல்லிக் கெஞ்சினோம். முடியாது என்றார்கள்.

ஊருக்கு வந்தால் அவருடைய அண்ணன், “ஏம்மா, மணல்காட்டு நாடு. அதப் போயி நெனச்சுக்கிட்டு இருப்பாங்களா? ஏசில உக்காந்து சம்பாதிச்சாச்சுல்ல?” என்று கேட்டார்.

“ஏசில உக்காரல மாமா. மொட்டை மாடி வெயில்ல நின்னு மத்தவங்களுக்கு ஏசி மாட்டுனாரு உங்க தம்பி” என்றேன். பிறகு வெகுநாள் அவரோடு நான் பேசவில்லை.

தஞ்சாவூருக்குக் குடிபோனோம். மகள் அங்கே நர்சிங் முடித்தாள். இரண்டு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். போன வருஷம் ஒருநாள், அதே நாட்டில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது என்று வந்து நின்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “வெரட்டிவிட்டவன் வாசல்ல போயி மறுபடியும் நிப்பியா? மானம் இல்லையா ஒனக்கு?”

“நீங்க வேலைக்குப் போனீங்க, திரும்பி வந்தீங்க. எனக்கு எதும்மா திரும்பி வர்ற எடம்?” என்றாள். அப்புறம் குரலைத் தணித்து, “நான் ஊருக்குப் போறேம்மா” என்றாள்.

அவள் ‘ஊர்’ என்றது அதைத்தான். அந்தச் சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திருச்சி விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. அவர்தான் கொண்டுபோய் விட்டுவந்தார்.

ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிப்பார்களா என்று அவளுக்கும் தெரியாது. அதைக் கேட்டால் போனை வைத்துவிடுகிறாள். நான் திரும்பக் கூப்பிட்டுத் திட்டுகிறேன்.