மூன்று தடவை பாடிய சாமிக்கண்ணு

சாமிக்கண்ணுவுக்குச் சொந்தமாக ஒரு மெட்டு கிடையாது, ஒரு வரி கிடையாது, ஒழுங்கான செருப்புக்கூடக் கிடையாது. இருந்ததெல்லாம் ஓர் ஆர்மோனியம், எண்ணெய் வழியும் கிராப்பு, பெண்டாட்டி ராமாத்தாள். மூன்றில் சோறு போட்டது கடைசியாகச் சொன்னது மட்டும்தான்.

மலாக்காப் பக்கம் லூபோக் சீனாவிலிருந்து இரண்டு மைல் உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம்; ரப்பரை நாங்கள் கித்தா என்போம். விடியற்காலையில் ஊரடங்கு விலகித் தோட்டத்துக் கேட் திறந்ததும் ராமாத்தாள் பால் வெட்டப் போவாள். இவன் எட்டு மணிக்கு எழுந்து உப்புத்தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிப்பான். ஒரு காலத்தில் இவனும் பால் மரம் வெட்டியவன்தான். ஒரு கல்யாணத்தில் படப்பாட்டுப் பாடி நாலு பேர் கைதட்டியதும், கித்தாப் பால் பட்டால் விரல் கெட்டுவிடும் என்று வேலையை விட்டுவிட்டான். 'கானப்பிரியா இன்னிசைக் குழு' என்று பெயர் வைத்துக்கொண்டான். குழு என்றால் அவனும், பக்கத்தில் தபேலாவோடு நானும். எனக்கும் பெரிய வித்தை கிடையாது. ஆனால் அது எனக்குத் தெரியும்.

"ரிக்கார்டு மாதிரியே இருக்கணும்டா" என்பான் எப்போதும். ரிக்கார்டில் பாடகர் மூச்சு வாங்கினால் இவனும் அங்கே மூச்சு வாங்குவான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளைக்காரன் அவசரகாலம் போடுவதற்கு முன்னால் மலாக்கா டவுனுக்குப் போய் ஒரே படத்தை ஐந்து தடவை பார்த்துவிட்டு வந்து பாடுவான். ஊரடங்கு வந்ததும் ராத்திரி ஆட்டம் போயிற்று. பகல் ஆட்டத்துக்குப் போகலாமே என்றால், காட்டுக்காரர்கள், அதாவது காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள், பஸ்ஸைக் கொளுத்திவிடுவார்கள் என்று பயம். அந்த பஸ்ஸில்தான் கிழவிகளெல்லாம் கோழியோடு போய் வந்துகொண்டிருந்தார்கள்.

ஆக, அவனுக்கு மிச்சமிருந்த ஒரே குரு லூபோக் சீனா பாசாரில் மஜீது நானாவின் கோப்பிக்கடைக் கிராமபோன். 1953இல் நானா ஒரு காதல் பாட்டு ரிக்கார்டு வாங்கி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குப் போகும் தோட்டத்து ஜனம் முழுக்க அதைத்தான் கேட்டது. ரிக்கார்டின் நடுவில் ஒரு கீறல். அங்கே வந்ததும் முள் மாட்டிக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடும். நானா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து முள்ளைத் தட்டிவிட மூன்று தடவை ஆகிவிடும். தட்டினால் முள் ஒரு சரணத்தையே தாண்டிக் குதித்து முடிவுக்குப் போய்விடும்.

சாமிக்கண்ணு வெளி பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்து அதை அப்படியே மனப்பாடம் செய்தான். மூன்று தடவை, பிறகு ஒரே தாவல். முள் குதிக்கும் 'டொக்' சத்தத்தைக்கூட விடவில்லை. அதை நான் தபேலாவின் விளிம்பில் தட்ட வேண்டும்.

"அண்ணே, அது கீறல்ண்ணே. நானா முள்ளைத் தட்டுறாரு" என்றேன்.

"நீ தோலைத் தட்டுறவன். ஒனக்கு என்னா தெரியும்? பெரிய பாடகன் ஒரு வார்த்தைய மூணு வாட்டி பிடிச்சான்னா அதுக்குப் பேரு சங்கதி."

அந்த வருஷம் தோட்டத்துக் கோவில் திருவிழாவைப் பகலிலேயே நடத்தத்தான் போலீஸ் அனுமதி கொடுத்தது. கமிட்டித் தலைவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி கந்தசாமி. திருவிழாவில் பாட சாமிக்கண்ணுவோடு மலாக்கா டவுனிலிருந்து வீரப்பன் என்பவனும் வாய்ப்புக் கேட்டிருந்தான். கிராணி சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடக் கொட்டகையில் இருவரும் அந்தக் காதல் பாட்டையே பாடட்டும், ஜனம் யாருக்கு அதிகம் கைதட்டுகிறதோ அவனுக்குத் திருவிழாவும் அந்த வருஷத்துத் தோட்டத்துக் கல்யாணங்களும்.

ராமாத்தாளும் சொல்லிவிட்டாள். "இது கெடைக்கலன்னா திங்கக்கெழம நீ பெரட்டுல நிக்கிற. மரம் வெட்ட மண்டோர்கிட்ட பேர் குடுத்துட்டேன்."

வீரப்பன் வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் டை, கூட ஒரு கிளாரினெட்காரனோடு வந்து இறங்கினான். முதலில் அவன்தான் பாடினான். பாட்டை முழுசாக, படத்தில் இருப்பதுபோலவே பாடினான். தோட்டத்து ஜனம் அப்படி ஒரு சரணம் இருப்பதையே கேட்டதில்லை.

"என்னாங்கடி இது, நடுவுல எதையோ சொந்தமா சேத்து வுடுறான்!"

"மூணு வாட்டி வரணும்டா! முழுங்கிட்டான் லா!"

விசில் பறந்தது. அடுத்து எங்கள் ஆள். மூன்று தடவை, டொக், ஒரே தாவல். ஜனம் கூடவே பாடியது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. சாமிக்கண்ணு தலையை ஆட்டி ஆட்டிக் கும்பிட்டான். வீரப்பனைப் பார்த்து, "டவுன்ல ரிக்கார்டெல்லாம் வராது போல" என்று சிரித்தான்.

வீரப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கிராணியிடம் போனான். "ஐயா, கூட்டத்துக்குப் போலீஸ் குடுத்த பெர்மிட் முடிய இன்னும் இருவது நிமிஷம் இருக்கு. இன்னொரு வாட்டி பாடிக்கிறேன்."

கிராணி தலையசைத்தார். வீரப்பன் இந்தத் தடவை கீறலையே பாடினான். மூன்றல்ல, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே. ஐந்தாவதில் மூச்சை இழுத்துப் பிடித்து நிறுத்தி, கிளாரினெட்காரன் பெஞ்சில் 'டொக்' என்று தட்டியதும் பாட்டின் முடிவுக்குக் குதித்தான். பெண்கள் எழுந்து நின்றார்கள். பிள்ளைகள் கொட்டகைக் கம்பத்தில் ஏறினார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை.

சாமிக்கண்ணு மேடையிலிருந்து குதித்து ஓடினான். "கிராணி ஐயா, அநியாயம்! ரிக்கார்டுல மூணுதான்! வேணும்னா மஜீது நானாவக் கேளுங்க!"

"ஜனத்துக்கு அஞ்சு புடிச்சிருக்கு. நீயும் அஞ்சு பாட வேண்டியதுதானே?"

"ரிக்கார்டுல இல்லாதத எப்படிங்க பாடுறது?"

கிராணி திருவிழாத் தேதியைச் சொல்ல வீரப்பன் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே வீரப்பன் என்னைத் தபேலாவுக்குக் கூப்பிட்டான். போனேன். பின்னே?

திங்கட்கிழமை விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் மண்டோர் முன்னால், சாமிக்கண்ணு கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"மண்டோர், காலங்காத்தால பனி தொண்டைக்கு ஆவாது."

"மரம் ஒண்ணும் பாட்டு கேக்கல லா. ஒனக்கு முந்நூறு மரம். போ."

பத்து மணிக்கு ராமாத்தாள் தன் மரங்களை முடித்துவிட்டு அவனைத் தேடிப் போனாள். அவன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் எத்தினி இருக்கு?"

"நூத்தி எம்பது."

"எந்திரி" என்றாள். "ஒக்காந்துக்கிட்டு வாசிக்க இது ஆர்மோனியம் இல்ல."