தலை திருப்பிப் பார்க்கும் ஓநாய்

கரூரில் பழைய காசு சேர்க்கும் நண்பன், என் நிச்சயதார்த்தத்துக்குப் பரிசாக ஒரு ரோமானிய வெண்கலக் காசைக் கொடுத்திருந்தான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட பெண்; ரோமாபுரியையே பெண்ணாக்கிவிட்டார்கள். மறுபக்கம் பச்சைக் களிம்பு. அந்தப் பச்சையில் கை வைக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

அதைச் சின்னம்மாவிடம் யார் சொல்வது? வெள்ளிக்கிழமை பூஜைப் பாத்திரங்களோடு அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். எது பச்சை பிடித்தாலும் எங்கள் வீட்டில் புளிதான் வைத்தியம்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மா இறந்தபிறகு நைனாவைக் கட்டிக்கொண்டு என்னையும் தம்பியையும் வளர்த்தவள். ஞாயிற்றுக்கிழமை அனந்தபுரத்தில் பெண்வீட்டாரோடு தட்டு மாற்ற, பெற்றவள் இல்லாததால் தானும் மாமாவும் உட்காருவதாகத் தொண்டூர் அத்தை அறிவித்துவிட்டாள். நைனா பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். "யாரு மாத்துனா இன்னா" என்று சின்னம்மா பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடு தோட்டத்துப் பக்கம் போனால், காசு செக்கச்செவேலென்று கிடக்கிறது. ரோமாபுரிப் பெண்ணுக்கு மூக்கும் முழியும் போயே போச்சு. வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன்.

"கத்தாதடா. இந்தப் பக்கம் பாரு, நாய் ஒண்ணு புள்ளைங்களுக்குப் பால் குடுக்குது."

பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. அடியில் இரண்டு குழந்தைகள் அண்ணாந்து குடிக்க, ஓநாய் கழுத்தைத் திருப்பி அவர்களையே பார்க்கிறது. மேலே இரண்டு நட்சத்திரங்கள் வேறு. துளியூண்டு இடத்தில் அந்தக் கழுத்தைத் திருப்பியவன் மகா கெட்டிக்காரன்.

ஆற்றில் விடப்பட்ட இரட்டையரை ஓநாய் காப்பாற்றியதையும், அவர்கள் வளர்ந்து ரோமாபுரியைக் கட்டியதையும் சொன்னேன்.

"பெத்தவ படமும் காசுல போட்டாங்களா?"

"நான் பாத்தவரைக்கும் இல்ல. இதத்தான் போட்டாங்க. தேசம் பூரா இந்தக் காசுதான்."

"பெக்காததுக்கா?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அங்கேயே நின்று அத்தைக்கு போன் போட்டேன். "நைனா பக்கத்துல சின்னம்மாதான் உக்காரும். தட்டு அதான் மாத்தும், அத்தே." அத்தை கத்தக் கத்த போனை வைத்துவிட்டேன்.

சின்னம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பட்டுப்பொடவைக்கு ஜாக்கெட்டு இன்னும் தெக்கவே குடுக்கலியேடா" என்றாள்.