முட்டி மடங்குது, பாப்பா!

டீசல் புகையும், பம்ப் ஸ்டவ்வில் வேகும் பருப்பும், காசிமேட்டுப் பக்கமிருந்து காற்றில் வரும் கருவாட்டு வாடையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், என் ஒன்பதாம் வகுப்பு மாதிரி இருக்கும் என்று சொல்வேன். அந்த வருடம் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள், துறைமுகத்துக்குள் நுழைய முறை வராமல், திருவொற்றியூரையும் தாண்டி வரிசை கட்டி நின்றன. கேட்டைத் தொடவே இரண்டு நாள் ஆகும், சில சமயம் மூன்று நாளும் ஆகும்; சரக்கை இறக்கிவிட்டு அடுத்த லோடோடு வந்தால் மறுபடி வரிசையின் கடைசி. டிரைவர்கள் வண்டியிலேயே தூங்கினார்கள். கிளீனர்கள் வண்டிக்கு அடியில் கோணி விரித்து, அந்த நிழலிலேயே சமைத்து, சீட்டாடி, படுத்துக் கிடந்தார்கள். என் அப்பாவும் அந்த வரிசையில் ஒரு டிரைவர். நாங்கள் அவரை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம்.

நைனாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் பள்ளி விட்டு வந்ததும் அம்மா டிபன் கேரியரை என் கையில் கொடுத்து அனுப்புவாள். வண்டி எதுவரை நகர்ந்திருக்கிறதோ அதுவரை போய்த் தேட வேண்டும், சோறு ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும், ஆனால் ஓடக் கூடாது, ஓடினால் காரப்பொடி மீன் குழம்பு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஓட்டமும் இல்லாமல் சாதா நடையும் இல்லாமல் நானே ஒரு நடையைக் கண்டுபிடித்துக்கொண்டேன். நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த பஸ்களையெல்லாம் தாண்டிப் போவேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள் என்றே இன்றும் நம்புகிறேன்.

பள்ளியில் பி.டி. மிஸ் நடைப்போட்டிக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தபோது நானே கையைத் தூக்கினேன். முதல் போட்டியிலேயே எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்த என்னை, கடைசிச் சுற்றில் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். நடைப்போட்டிக்கு இரண்டே சட்டம்தான். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும்; முன்னே வைக்கிற கால், தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடம்பு அதன் மேல் நேராக வரும்வரை, முட்டி மடங்காமல் இருக்க வேண்டும். மூன்று நடுவர்கள் தப்பென்று எழுதிவிட்டால் ஆட்டம் முடிந்தது. எனக்கு மூன்று பேரும் முட்டிக்காகவே எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து வயிற்றெரிச்சலில் அழுதேன்.

அம்மாவுக்கு முதலிலிருந்தே இது பிடிக்கவில்லை. "ரோட்டுல இடுப்ப ஆட்டிகினு நடக்கிறது ஒரு வெளையாட்டா? இன்னொரு தபா வெளிய தள்ளுனாங்கன்னா இதோட நிறுத்திக்கோ, சொல்லிட்டேன்" என்றாள். இரண்டு மாதம் கழித்து மாவட்டப் போட்டி இருந்தது. அதிலும் வெளியேற்றப்பட்டால் எனக்கு நடை கிடையாது.

மறுநாள் கேரியரோடு போகும்போதுதான் எனக்கே பிடிபட்டது. குழம்பு குலுங்காமல் இருப்பதற்காக ஒவ்வோர் அடியிலும் முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, அதிர்ச்சியை அதில் வாங்கிக்கொண்டு நடந்து பழகியிருந்தேன். என் வேகத்துக்குக் காரணமான அதே பழக்கம்தான் என்னை வெளியே அனுப்பியது. முட்டியை நிமிர்த்தி நடந்தால் குழம்பு சிந்துகிறது. பயிற்சிக்கென்று தனியாக ரோட்டில் இறங்க அம்மா விடமாட்டாள். சாப்பாடு கொண்டுபோகிற நேரம் ஒன்றுதான் எனக்கு இருந்தது. நைனாவிடம் இதைச் சொன்னபோது அவர் வாயில் வைத்த கவளத்தை முழுங்கிவிட்டுச் சொன்னார்: "கொயம்பு சிந்துனா சிந்தட்டும்மா. எனக்கு வெறுஞ்சோறே எறங்கும். நீ முட்டிய மடக்காத."

அதோடு விடவில்லை. குனிந்து, முன்னாலும் பின்னாலும் நின்ற டிரெய்லர்களுக்கு அடியில் பார்த்துக் குரல் கொடுத்தார். "என் பொண்ணு டெய்லி இப்படித்தான் போவும். முட்டி மடங்குச்சின்னா ஒரு சவுண்டு குடுங்கப்பா. சும்மாதானே பட்துகினு கீறீங்க."

அதுவரை "இன்னா பாப்பா, வாத்து மாரி போற?" என்று கிண்டல் அடித்துக்கொண்டிருந்த வரிசை அன்றிலிருந்து நடுவர் குழுவாகிவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனுக்குப் போகிற வருகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். அவன் கண்ணுக்கு என் முட்டி தப்பவே தப்பாது. ஒரு வண்டியைக் கடந்தால் "மடங்குது பாப்பா!", அடுத்ததில் "ரைட்டு காலு, ரைட்டு காலு!", எங்கோ ஒன்றிரண்டு வண்டியில் மட்டும் "சூப்பரு, அப்டியே போ!" வசவும் வாழ்த்துமாக அந்தச் சாலை முழுக்க என் முட்டியைப் பற்றியே பேசியது. நைனா அந்த இரண்டு மாதமும் கேரியரின் வெளிப்புறத்தில் வழிந்த குழம்பைத் துடைத்துவிட்டு, மிச்சமிருந்ததைச் சோற்றில் தெளித்துக்கொண்டு சாப்பிட்டார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

மாவட்டப் போட்டியன்று பயத்தில் பழைய நடை திரும்பிவிட்டது. பாதி தூரத்துக்குள் பலகையில் என் எண்ணுக்கு நேரே இரண்டு சிவப்புக் குறி. இன்னொன்று விழுந்தால் அம்மா சொன்னதுதான் நடக்கும். எனக்கு வேறு வழி தெரியவில்லை; "முட்டி, முட்டி, ரைட்டு காலு" என்று வாய்விட்டே கத்திக்கொண்டு நடந்தேன். எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த பெண், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று நினைத்து ஒதுங்கினாள். அந்த இடைவெளியில் நுழைந்த நான், பிறகு யாருக்கும் வழிவிடவில்லை. மூன்றாவது குறி விழவில்லை. மெடலைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மா, "சரி, நாளைலேர்ந்து கேரியர உன் தம்பி எடுத்துகினு போவட்டும். நீ கைய வீசிகினு நட" என்றாள்.

அதற்குப் பிறகு மாநிலம், தேசியம், ரயில்வே வேலை என்று எல்லாம் வந்தன. எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியடிக்க இப்போது இடமில்லை. இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து தூக்கியதாகச் சொல்லி எனக்குச் சிவப்பு அட்டை எழுதியிருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாவட்டப் போட்டிக்குப் பிறகு முட்டிக்காக ஒருவரும் எழுதியதில்லை.

சாலை அகலமாகிவிட்டது. நிறைய சரக்கு இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிறது. நாள்கணக்கில் நின்ற அந்த வரிசை இல்லை, வண்டிக்கு அடியில் குடித்தனமும் இல்லை. ஒழிந்தது நல்லதுதான், அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது என்பது மட்டும் இன்றும் மனதை உறுத்துகிறது. எதிரே வந்தால் நான் அடையாளம் காண மாட்டேன். அவர்களும் என் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் பத்தடி நடந்து காட்டினால் போதும், கண்டுபிடித்துவிடுவார்கள்.